வினையும் பழியும்

உயிர்கள் நுகரும் இன்ப துன்பங்கட்கு வினை ஏதுவாம் என்பது சித்தாந்த சைவர் யாவர்க்கும் ஒப்ப முடிந்த துணிபு. ஆயின், அத்துணிபினை ஒருவன் தன்மேல் வைத்துச் சிந்தித்தலும், பிறர்மேல் வைத்துப் பேசுதலும் ஒன்றாமோ என்பது ஆராயற்பாலது. இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. ஆட்டிசம் என மருத்துவ நூலார் வழங்கும் இயல்போடு பிறந்த மக்களை வளர்க்கும் தாய் தந்தையர் உளச்சோர்வுற்று நைதற்கு அப்பேச்சும் ஒரு காரணமாதலின், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

ஆட்டிசமாவது தொற்றுநோயுமன்று, பேய்க்கோளுமன்று. மூளையின் வளர்ச்சியிற் பெரும்பாலும் பிறப்பிற்கு முன்னரே தொடங்கும் ஒரு வேறுபாடென்ப. இவ்வியல்புடைய குழந்தைகளுட் சிலர்க்குப் பேச்சு வாராது. சிலர் நன்கு பேசுவராயினும், பிறர் முகக்குறிப்பறிதல் அவர்க்கு அரிதாம். பேரொலியும் கூட்டமும் பலர்க்குப் பொறுத்தற்கரிய வேதனையாம். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருள் ஒருவர்க்கு இவ்வியல்பு இருந்ததென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆதலின் இஃது எங்கோ ஓரிடத்து நிகழ்வதன்று. நம் தெருவிலும் உளது.

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கை நோக்குக. இங்குள்ள பெண்டிர் பலர் வைகறையில் எழுந்து, ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே மலைமேலுள்ள ஏலத்தோட்டங்கட்குக் கூலிவேலைக்குச் சென்று மாலையில் மீள்வர். அவருள் ஒருத்திக்கு இத்தகைய மகவு வாய்க்குமேல், அதனை அயல்வீட்டில் விட்டுச் செல்லல் இயலாது, கூலி நின்றுபோம். இரவில் மகவு உறங்காதாயின் அவட்கும் உறக்கமில்லை. சுற்றத்தார் திருமணத்திற்கு அழைப்பதைக் குறைத்துக்கொள்வர். “நீ என்ன பாவம் செய்தாயோ” என்பார் ஒருவர். “குச்சனூருக்குச் சென்று சனீசுவரரை வழிபட்டனையா” என்பார் மற்றொருவர். வழிபாடு நன்றே, அதனைக் குற்றச்சாட்டாக்கிக் கொடுத்தலே தீது.

குமரகுருபர அடிகள் ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூரிற் செந்திலாண்டவன் திருவருளாற் பேசினார் என்னும் வரலாற்றைப் பலரும் இத்தாய்க்கு எடுத்துரைப்பர். அவ்வரலாறு திருவருளின் பெருமையை உணர்த்துவது. பேசாத பிள்ளையைப் பெற்றாருடைய அன்பின் குறையை அளக்க எழுந்த கோல் அன்று. செந்தூர் சென்று மீண்டும் பிள்ளை பேசாதிருப்பின், “உன் பக்தி போதாது” எனல் அடிகளின் வரலாற்றையே திரித்தலாம்.

இனி, “பெற்றோர் வினையன்றே பிள்ளைக்கு வந்தது?” என்பாரை மறுப்பாம். உயிர் அநாதி, தாய் தந்தையராற் படைக்கப்படுவதன்று. ஒவ்வோருயிர்க்கும் உரிய வினை அவ்வுயிர்க்கே உரித்து. ஒன்று செய்ய மற்றொன்று நுகரும் எனின், வினைக்கொள்கையே நிலைகுலையும். பிணி முதலியன கருவிலேயே அமைவன எனச் சித்தியாரும் உணர்த்துதலின், பிறந்தபின் தாய் வளர்த்த முறையே காரணம் என்பாரும் நூற்கு மாறுபட்டாராவர். மேலும், உயிர் வேறு, அதற்கு வாய்த்த கருவிகள் வேறு. கருவி வேறுபடின் அறிவின் விளக்கம் வேறுபடுமேயன்றி, உயிர் இழிவெய்தாது.

அற்றேல், இத்தாய் நுகரும் துன்பமேனும் அவள் பிராரத்தமன்றோ எனின், ஆம் என்க. ஆயின், அதனாற் பிறர்க்கு விளையும் உரிமை யாது? அவள் வினையின் அளவினை இறைவனன்றிப் பிறர் அறியார். அறியாதார் கூறும் வன்சொல் அவள் பிராரத்தத்தை ஊட்டும் கருவியாயினும், கூறினார்க்கு அஃது ஆகாமியமாய் ஏறும். ஒருவர் செய்யும் உதவியும் அவ்வாறே அவள் வினைப்பயனாய் வந்தடையும். இவ்விரண்டனுள் எதற்குக் கருவியாவேம் என்பதே நம் முன்னுள்ள வினா. “எல்லாம் வினை” என்று கைகட்டியிருத்தல் சித்தாந்தமாகாது. அது மடிமைக்கு இட்ட திருநீற்றுப்பூச்சே.

தாயைப் பழித்தல் நம் நாட்டார்க்கே உரிய குற்றமுமன்று. 1943இல் அமெரிக்க நாட்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இவ்வியல்பினை விளக்கினார். பின்னர், பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்னும் கருத்து அங்கே பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967இல் ஒரு நூலால் அதனை வலியுறுத்தினார். தாமே இத்தகைய மகவைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளநூலார் 1964லேயே அதனை மறுத்து நூல் எழுதியிருந்தார். 1969இல் கானர் தாமே பெற்றோர் கூட்டத்தில் அவர்களைப் பழியினின்றும் விடுவித்துப் பேசினார். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆராய்ச்சி மரபுவழிக் காரணங்களின் வன்மையைக் காட்டியது. அறிவியலின் பேராலும் தாய்மார் எத்துணைக் காலம் அழுதனர் என்பதை இவ்வாண்டுகள் உணர்த்தும்.

நிற்க. இப்பெற்றோரிடத்து உளச்சோர்வு ஏனையோரினும் மிகுதி என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளாலும் தெளிந்தது. உறக்கமும் உணவும் கெடுதல், எதனினும் விருப்பறுதல், தான் பயனற்றவள் என எண்ணுதல், உயிர்விடும் நினைவெழுதல் ஆகிய இவை வாரக்கணக்கில் நீடிப்பின், அது நோயே; பக்திக்குறைவன்று, வைராக்கியமுமன்று. காய்ச்சலுக்கு மருந்துண்பார் திருவருளை ஐயுற்றவராகாமைபோல, இதற்கு மருந்துண்பாரும் ஆகார். தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு உதவிக்கு 14416 என்னும் எண்ணிற் கட்டணமின்றிப் பேசலாம்.

திருக்கோயிலார்க்கும் திருமடத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். தீபாராதனைக் காலத்து மின்விசையால் முழங்கும் முரசும் மணியும் பொறாது காதைப் பொத்தி அலறும் பிள்ளையையும், அதனைப் பற்றி நிற்கும் தாயையும் கூட்டத்தார் கடிந்து நோக்க, அவள் கோயிற்கு வருதலையே விடுகின்றாள். சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் திருமுன்னும், உத்தமபாளையம் காளாத்தீசுவரர் திருமுன்னும், முழக்கமில்லாத ஒரு நாழிகை இவர்க்கென ஒதுக்கின் ஆகமத்திற்கு இழுக்கு யாது? அடியார் ஒருவர் வாரத்தில் ஒருபொழுது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அத்தாய் அச்சமின்றி உறங்குவாளாயின், அதுவும் மாகேசுர பூசையோடு ஒக்கும்.

“எமக்குப்பின் இப்பிள்ளைக்கு யார்?” என்பதே இவர்தம் நெஞ்சை அரிக்கும் வினா. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பருவம் எய்திய இத்தகையோர்க்குச் சட்டமுறைக் காப்பாளரை ஏற்படுத்த வழி வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுக்கொண்டது. சட்டம் காப்பாளரைத் தரும். உறவினைத் தருதல் ஊராரின் கடன். அவ்வினாவிற்கு, “யாம் உளேம்” எனத் திருமடங்கள் விடை கூறுமாயின், வினையின் வன்மையினும் அருளின் வன்மை பெரிதென்னும் நம் சித்தாந்தம் நூலினின்றும் தெருவிற்கு வந்ததாகும். அதற்குத் திருவருள் முன்னிற்க.