வயிறற்ற புழுவும் வயிற்றின் கதையும்

கி.மு. 494ஆம் ஆண்டளவில் உரோமாபுரியின் பொதுமக்கள் கடன்சுமை தாளாது நகரைவிட்டு வெளியேறி அயலிலிருந்த குன்றொன்றிற் தங்கினர். அவர்களை மீட்டழைத்துவர உயர்குடியினரால் அனுப்பப்பட்ட மெனேனியுஸ் அகிரிப்பா என்பார் அவர்களுக்குக் கதையொன்று கூறினார் என வரலாற்றாசிரியர் லிவி எழுதுகின்றார். கையும் வாயும் பல்லும் வயிற்றின்மேற் சினங்கொண்டனவாம். உழைப்பவர் நாம், உண்டு கிடப்பது வயிறு என்று சொல்லித் தத்தம் தொழிலை நிறுத்தினவாம். உடல் முழுவதும் மெலிந்த பின்னரே, வயிறும் தன் பங்கிற்குத் தம்மை ஊட்டிவந்தது என்பதை உணர்ந்தனவாம். கதை கேட்ட மக்கள் மனமிளகினர் என்பர். ஆயினும் தம் நலன் காக்கும் தனி அதிகாரிகளை நியமித்துக்கொள்ளும் உரிமையைப் பெற்ற பின்னரே அவர்கள் நகர் திரும்பினர். கதையை எடுத்தாள்வோர் இப்பிற்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவர்.

இருவர் சேர்ந்து வாழ்கின்றனர். அச்சேர்க்கையால் இருவரும் பயனடைகின்றனர். இவ்வளவு கொண்டே அதனை நல்லுறவு என்று துணியலாமா? அகிரிப்பாவின் கதை 'ஆம்' என்கின்றது. உடலிலிருந்து உவமை எடுத்தே அவர் அவ்வாறு கூறினாராதலின், வயிறே இல்லாத ஓர் உடலை எடுத்து அவ்வினாவை மீண்டும் நோக்குதல் பொருத்தமாகும்.

1977ஆம் ஆண்டு பசுபிக் சமுத்திரத்தில், கலாப்பகோசுத் தீவுகளுக்கு அண்மையில், ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில், 'அல்வின்' என்னும் ஆழ்கடல் ஊர்தியிற் சென்ற ஆய்வாளர் வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டனர். அவர்கள் பாறையை நாடிச் சென்றவர்கள். உயிரியலாளர் ஒருவரேனும் அக்குழுவில் இருக்கவில்லை. சூரிய ஒளி சிறிதும் எட்டாத அவ்விருளில் சிப்பிகளும் நண்டுகளும் மனிதனின் உயரத்தை எட்டும் குழாய்ப்புழுக்களும் செறிந்து வாழ்ந்தன. ரிப்டியா எனப் பின்னர் பெயரிடப்பெற்ற அப்புழுவிற்கு வாயில்லை, குடலுமில்லை. அது எவ்வாறு உண்கின்றது என்பது சில ஆண்டுகள் புதிராகவே இருந்தது. ஹாவாட் பல்கலைக்கழக மாணவியாயிருந்த கொலீன் கவனோ, அப்புழுவைப் பற்றிய விரிவுரையொன்றில் அதன் உடலிற் கந்தகப் பளிங்குகள் உள என்று கேட்ட மாத்திரத்தே, கந்தகச் சேர்வைகளை ஒட்சியேற்றிச் சத்தி பெறும் பற்றீரியாக்கள் அதனுள்ளே வாழ்தல் வேண்டும் என ஊகித்தார். 1981இல் அவ்வூகம் சான்றுகளோடு வெளியாயிற்று. (விரிவுரைகளை ஊன்றிக் கேட்பதன் பயனுக்கு இதனினும் சிறந்த சான்றை நான் அறியேன்.)

உறவின் அமைப்பு இது. புழுவின் நுனியிலுள்ள சிவந்த தூவி நீரிலிருந்து ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் ஐதரசன் சல்பைட்டையும் ஈர்க்கின்றது. சல்பைட்டு பெரும்பாலான விலங்குகளுக்கு நஞ்சு. இப்புழுவின் ஈமோகுளோபினோ ஒட்சிசனை ஓரிடத்திலும் சல்பைட்டை வேறோரிடத்திலும் பிணைத்துக்கொண்டு இரண்டையும் தீங்கின்றிச் சுமந்து செல்கின்றது. உடலினுள்ளே பஞ்சு போன்ற உறுப்பொன்றில், ஒரு கிராம் திசுவில் நூறு கோடிக் கணக்கிற் பற்றீரியாக்கள் நிறைந்துள்ளன. அவை சல்பைட்டை ஒட்சியேற்றிப் பெறும் சத்தியைக் கொண்டு காபனீரொட்சைட்டை உணவாக மாற்றுகின்றன. புழு வாழ்கின்றது, பற்றீரியாவும் பெருகுகின்றது. அகிரிப்பா இதனை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் அவ்வுறுப்பினுள் மேலும் நோக்குமிடத்து மகிழ்ச்சி குறைகின்றது. அதன் சிறு மடல்களின் நடுவே பற்றீரியாக்கள் பிரிந்து பெருகுகின்றன. அவற்றைத் தாங்கிய கலங்கள் படிப்படியாக விளிம்பை நோக்கி நகர்கின்றன. விளிம்பை அடைந்தவை அங்கே சமிக்கப்படுகின்றன. புழு உண்பது பற்றீரியா ஆக்கிய உணவை மட்டுமன்று, பற்றீரியாவையுமே. வயிறில்லாத புழு தன் உடலின் நடுவே தொழுவத்தையும் கொல்களத்தையும் ஒன்றாக அமைத்திருக்கின்றது என்று சொல்லத் தோன்றுகின்றது.

சொல்லத் தோன்றுகின்றது என்றேன்; இத்தகைய உவமைகளில் எச்சரிக்கை தேவை. 1869இல் சுவென்டனர் என்னும் தாவரவியலாளர், இலைக்கன் என்பது பூஞ்சணமும் அல்காவும் சேர்ந்த கூட்டு என்று விளக்கியபோது, பூஞ்சணத்தை ஆண்டானாகவும் அல்காவை அடிமையாகவும் வருணித்தார். நம் காலத்தவர் உழவனைக் கூறுவர். 2006இல் கொஸ்தாறிக்காவுக்கு அப்பாற் கடலடியில், வெந்நீர் ஊற்றன்றிக் குளிர்ந்த மெதேன் கசியும் இடமொன்றில், மயிரடர்ந்த நண்டினமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது தன் கவ்விகளைத் தாளத்திற்கு அசைப்பதுபோல் ஓயாது அசைத்து, அவற்றின் மயிர்களில் வளரும் பற்றீரியாக்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை உண்டாக்குகின்றது. பின்னர் அவற்றை வாயுறுப்பாற் சீவி உண்கின்றது. தன் உடலையே வயலாக்கிய உழவன் என்று எழுதாதவர் அரியர். ஆனால் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுமுகட்டில் வாழும் கண்ணற்ற இறாலுக்கு இவ்வுவமை பொருந்தவில்லை. அதன் பூவறையில் வாழும் பற்றீரியாக்கள் ஆக்கும் சேதனப் பொருள், உணவுக்கால்வாய் வழியாகவன்றி, உடலின் மேற்பரப்பினூடாகவே நேரே இறாலினுட் செல்கின்றது என 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அடிமை, உழவு, குத்தகை, நட்பு என ஒவ்வொரு சொல்லாகக் கடலடிக்கு அனுப்புகின்றோம். அது இயற்கையின் முத்திரையோடு திரும்பி வருகின்றது. நாம் அனுப்பிய சொல்தான் என்பதை மறந்து அதனைச் சான்றாக ஏற்கின்றோம்.

'இருவர்க்கும் பயன்' என்ற கூற்றிலே மறைந்துள்ள வழுவை ரிப்டியா தெளிவாகக் காட்டுகின்றது. பயனடைவது எந்தப் பற்றீரியா? விளிம்பிற் சமிக்கப்படும் தனிக்கலம் பயனடையவில்லை. அதன் குலம் பயனடைகின்றது. 2015இல் வெளியான ஆய்வொன்றின்படி, புழு இறந்ததும் அதனுள் எஞ்சிய பற்றீரியாக்கள் வெளியேறிக் கடல்நீரை அடைகின்றன. புழுவினுட் புகுந்தவை மிகச் சிலவே, வெளியேறுபவை மிகப் பல. ஆகவே குலத்தின் கணக்கில் இலாபமே. பற்றீரியாவின் வகையில் இக்கணக்கில் அநீதி எதுவும் இல்லை. அழிந்த கலமும் தப்பிய கலமும் ஏறக்குறைய ஒன்றன் நகல்களே. அழிந்ததற்கு நோவுமில்லை, முறையீடுமில்லை. மனிதரிடத்து அவ்வாறன்று. 'உங்கள் சமூகம் வாழ்கின்றதே' என்று ஒருவனிடம் கூறும்போது, அழிபவனும் வாழ்பவனும் வெவ்வேறு ஆட்கள் என்பது மறைக்கப்படுகின்றது.

அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' நூலின் தொடக்கத்தில் ஆண்டானுக்கும் அடிமைக்கும் நலன் ஒன்றே என்கின்றார். அதே நூலின் மூன்றாம் பகுதியிலோ, ஆண்டானின் ஆட்சி முதன்மையாக அவன் நலனையே கருதுவது, அடிமை அழிந்தால் ஆட்சியும் அழியுமாதலின் அடிமையின் நலன் இடைச்செருகலாகவே பேணப்படுகின்றது என்று ஒப்புக்கொள்கின்றார். பிற்பகுதியே நேர்மையானது என்பது என் கருத்து. நம் நாட்டுத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' முறையையும் இங்கு நினைத்தல் தகும். வேலையும் அரிசியும் முற்பணமும் தொழிலாளிக்குக் கிடைத்தன. உழைப்பு தோட்டத்திற்குக் கிடைத்தது. இருவர்க்கும் பயன் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கடன் தீர்க்கப்படாமல் அவன் தோட்டத்தைவிட்டு நீங்க முடியாது. அக்கடனைக் குறித்த சீட்டே துண்டு. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது பயன் அன்று, அந்தப் பூட்டு. உரோமாபுரியின் மக்களும் நகரைவிட்டு நீங்க முடிந்தமையாலன்றோ அவர்களுக்குக் கதை சொல்ல ஒருவர் வரவேண்டியதாயிற்று!

அவ்வாறாயின் இயற்கையிலிருந்து அறத்தைக் கற்கவே இயலாதா என்று வினவலாம். 1893இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய உரையில் ஹக்ஸ்லி, பிரபஞ்ச இயக்கத்தைப் பின்பற்றுவதால் அன்றி அதனை எதிர்ப்பதாலேயே அறம் வளரும் என்றார். குரோப்பொற்கின் 1902இல் வெளியிட்ட 'பரஸ்பர உதவி' என்னும் நூலிலே, உயிரினங்களிடையே உதவியும் போராட்டத்தைப்போல உண்மையே எனக் காட்டினார். செய்தியளவில் குரோப்பொற்கின் பக்கமே வலுவுள்ளது. கடலடி அதற்கு இன்னுமொரு சாட்சி. எவரும் தனித்தியங்குவதில்லை என்பதையும் அங்கே காணலாம். சூரியனை நம்பாத உலகம் என்று இவ்வூற்றுக்களைப் புகழ்வோர் உளர். ஆனால் புழுவின் தூவி ஈர்க்கும் ஒட்சிசன், மேலே ஒளியில் வாழும் பசுந்தாவரங்களும் அல்காக்களும் வெளிவிட்டதே. ஆயினும் சார்ந்து வாழ்தல் வேறு, அச்சார்பை ஒருவர் ஏற்று நடத்தல் வேறு. வள்ளுவர் தம் அதிகாரத்திற்கு ஒப்புரவு என்று மட்டும் பெயரிடாது 'ஒப்புரவறிதல்' என்று பெயரிட்டமை நோக்கத்தக்கது. அதனை அறிபவனையே உயிர்வாழ்வோருள் அவர் எண்ணுகின்றார். அந்த 'அறிதல்' புழுவிடமும் இல்லை, பற்றீரியாவிடமும் இல்லை. ஆகவே அவற்றிடம் கொடுமையும் இல்லை, கருணையும் இல்லை.

ரிப்டியா வாழும் ஊற்றுக்களின் அருகிலேயே பெருஞ்சிப்பி இனமொன்றும் வாழ்கின்றது. அதன் பூக்களிலும் கந்தகப் பற்றீரியாக்கள் உள்ளன. புழுவின் குஞ்சு பற்றீரியா இன்றிப் பிறந்து, கடல்நீரிலிருந்து தோல் வழியாக அவற்றைப் பெறுகின்றது. சிப்பியோ தன் முட்டையிலேயே அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கின்றது. 2007இல் அச்சிப்பிப் பற்றீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் மூலச்சோடிகளே அதில் எஞ்சியிருந்தன. தனித்து வாழும் உறவினங்களிடம் உள்ள பல மரபணுக்களை அது இழந்துவிட்டது. புழுவிலிருந்து வெளியேற வழியுண்டு. சிப்பியிலிருந்து வெளியேறிச் செல்ல இடமில்லை. உயிரியல் நூல்கள் இரண்டையும் 'ஒன்றிய வாழ்வு' என்ற ஒரே சொல்லாற் குறிக்கின்றன. 1879இல் அச்சொல்லைப் பரவச் செய்த டி பாரி, வேறுபட்ட உயிரிகள் சேர்ந்து வாழ்தல் என்று மட்டுமே அதற்குப் பொருள் கூறி, ஒட்டுண்ணி வாழ்வையும் அதனுள் அடக்கினார். பயன் என்னும் சொல் அவ்வரைவிலக்கணத்தில் இல்லை.