மறதி குழந்தையின் குற்றமா?

வல்ல அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளில் நினைவாற்றலும் ஒன்று. அது வயதோடு வளர்ந்து முதிர்வது. இதை உணராத பெற்றோர் சிலர், நேற்று ஓதிய சூராவை இன்று மறந்த ஐந்தாறு வயதுப் பாலகனைக் 'கவனமில்லாதவன்' என்று ஏசுகின்றனர். சில வீடுகளில் பிரம்பும் பேசுகிறது. இது நீதியா?

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஃபிளாவெல் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும், பிள்ளைகளுக்குப் படங்களை வரிசையாகக் காட்டி, சற்று நேரம் கழித்து அந்த வரிசையைக் கேட்டனர். மறக்காமலிருக்க வாய்க்குள் சொல்லிப் பார்ப்பவர் யார் என்று உதட்டசைவைக் கவனித்தனர். ஐந்து வயதினர் 20 பேரில் 2 பேரும், ஏழு வயதினரில் 12 பேரும், பத்து வயதினரில் 17 பேரும் அவ்வாறு செய்தனர். 1967-இல் வெளியான ஆய்வில், தாமாகச் சொல்லிப் பார்க்காத முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்ததும் நினைவு கூடியது. ஆனால் அவர்கள் விருப்பத்துக்கு விட்டதும் பலர் கைவிட்டனர்!

ஆக, பிள்ளைக்குப் பதியும் திறன் உண்டு. பதியவைக்கும் உபாயத்தைத் தானே கையாளும் பக்குவம்தான் இல்லை. திட்டமிட உதவும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ளது. இருபது வயதைத் தாண்டியும் அது முதிர்ந்துகொண்டிருக்கிறது. இரும்புக் குழம்பு இறுகுமுன் அச்சைப் பிரித்தால் குற்றம் யாருடையது? நம் கணபதி வட்டாரத்து வார்ப்படத் தொழிலாளர்கள் சொல்வார்கள்.

பருவமடையும்வரை பிள்ளையின் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. அல்லாஹ் குற்றமாக எழுதாததற்கு நாம் தண்டனை கொடுப்பதா?

அப்படியானால் ஓதுவதை விட்டுவிடலாமா? கூடாது! ஏழு வயதிலேயே தொழுகையை ஏவச் சொன்ன மார்க்கமல்லவா இது? பிள்ளையிடம் இல்லாத உபாயத்தைப் பெரியவர்கள் செய்து கொடுக்கவேண்டும். ஹஜ்ரத் கொடுத்த பாடத்தை உறங்குமுன் அத்தாவோ அம்மாவோ மூன்று முறை கூடவே ஓதட்டும். காலையில் ஒருமுறை கேட்கட்டும். நீண்ட ஆயத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கொடுக்கட்டும். பட்டறையிலிருந்து களைத்து வருபவருக்கும் இதற்குப் பத்து நிமிடம் கிடைக்காமலா போகும்?

திரும்பத் திரும்ப ஓதிப் பேணாவிட்டால், கட்டிலிருந்து விடுபடும் ஒட்டகத்தைவிட வேகமாகக் குர்ஆன் நழுவிவிடும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை எச்சரித்தார்கள். மூளை முதிர்ந்த பெரியவர்களுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. உபாயம் தெரிந்தும் ஓதாமல் மறந்தவர், தெரியாமல் மறந்த பிள்ளையின் மீது கையோங்க என்ன உரிமை இருக்கிறது?

நம் மக்களைக் கனிவோடு ஓதவைக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.