முதல் பக்கத்துப் பெயர்

எனக்கும் ஆராய்ச்சிக்கும் வெகு தூரம். கல்லூரியில் இரண்டாண்டு இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன் நான். ஆனாலும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டி.டி.பி. கடை. என் கதையொன்றை அடிக்கக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் தெருப் பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ரசாயன ஆராய்ச்சி செய்கிறவள். முதல் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று இதழ்க்காரர்கள் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். மேலே தலைப்பு, அதன் கீழே எழுதியவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயரின் தலைமாட்டிலும் ஒரு குட்டி எண், அந்த எண்ணுக்குரிய கல்லூரி விலாசம், கடிதத் தொடர்புக்குரியவருக்கு ஒரு நட்சத்திரம், பிறகு கட்டுரையின் சுருக்கம்.

"அக்கா, பேரு எந்த வரிசையிலே போடணும்?" என்று கடைப் பையன் கேட்டான். அவள் பேசவில்லை. மூன்று பெயர்கள் இருந்தன. வேலை செய்தவள் அவள். வழிகாட்டியவர் அவளுடைய ஆசிரியர். மூன்றாமவர் துறையில் ஒரு பெரியவர். அவள் சோதனைச்சாலைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர். அவர் பெயர்தான் முதலில் வர வேண்டுமாம்.

"பேசாமல் போட்டுவிடு அம்மா. உலகத்தோடு ஒத்துப் போ" என்றேன்.

"உங்க கதைக்கு இன்னொருத்தர் பேரைப் போடச் சொன்னா, போடுவீங்களா மாமா?"

என்னிடம் பதில் இல்லை.

மறுவாரம் ஒரு காரியமாகச் சிதம்பரம் போனேன். கோயில் சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது அந்தக் கேள்வியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் பக்கத்துச் சட்டம் நமக்குப் புதிதா என்ன? நன்னூலில் பவணந்தியார் பாயிரத்துக்கு இலக்கணம் சொல்கிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு. ஏறக்குறைய இதைத்தான் இன்றைய இதழும் கேட்கிறது. பட்டியலில் ஆக்கியோன் பெயர் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். யார் சொன்னது என்று தெரிந்தால்தானே, யாரைக் கேட்பது என்று தெரியும்?

தேவார ஏடுகள் இந்தத் தில்லைக் கோயிலில்தான் பூட்டிக் கிடந்தன, ராஜராஜன் காலத்தில் கரையான் தின்றது போக மிஞ்சியதை மீட்டார்கள் என்பது மரபு. மிஞ்சிய பதிகங்களில் சம்பந்தருடையவற்றைப் பாருங்கள். கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்வார். பெரும்பாலும் காழியென்று ஊரையும் சொல்வார். பெயரும் விலாசமும்! இதைத் திருக்கடைக்காப்பு என்பார்கள். பாடினால் இன்ன பயன் என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்குக்குத் தம் பெயரையே ஜாமீன் வைக்கிறார். அங்கே பெயர் அலங்காரம் அல்ல, பொறுப்பு.

இரண்டு பெயர் இருக்கலாகாது என்பதில்லை. 1928இல் 'நேச்சர்' இதழில் புதிய ஒளிச்சிதறலைப் பற்றி வந்த குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே வந்தது. ஆனால் அந்தக் குறிப்பில் கிருஷ்ணனும் இருக்கிறார். யாரும் அழிக்க முடியாது. உடன் உழைத்தவருக்கு முதல் பக்கம் செய்யும் நீதி அது.

உழைக்காதவர் பெயர் சேர்ந்தால் என்ன ஆகும்? 1975இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன் என்ற பௌதிக விஞ்ஞானி தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒருவரே எழுதியதில் அந்தச் சொல் ஆகாது, இதழ் ஏற்காது என்றார் நண்பர். தட்டெழுத்து யந்திரக் காலம். முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். மனிதர் சுலபமான வழி கண்டார். தம் வீட்டுப் பூனைக்கு வில்லர்ட் என்று பெயர் சூட்டி, அதையும் ஓர் ஆசிரியராகச் சேர்த்துவிட்டார்! கட்டுரை அச்சாகியும் விட்டது. சிரிக்கிறோம். ஏன்? பூனையைக் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்க முடியாத பெரியவருக்கும் அந்தப் பூனைக்கும் முதல் பக்கத்தில் என்ன வித்தியாசம்? பூனை தானாக வந்து பெயரைப் போடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு சர்வதேசக் குழு இருக்கிறது. கட்டுரைக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்காதவர் அதன் ஆசிரியர் ஆகார் என்று 2013இல் அவர்கள் நிபந்தனை சேர்த்தார்கள். நம் பாட்டனுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஊருக்குத் திரும்பி அவளிடம் இவ்வளவையும் சொன்னேன். "மூன்றாவது பெயரைப் போடாதே. வழிகாட்டியிடம் போய்ச் சொல்" என்றேன். "அவர் கையெழுத்துப் போடாவிட்டால்?" என்றாள். படிப்பு அவளுடையது, நஷ்டமும் அவளுடையது. புத்தி சொல்வதற்கு எனக்கு என்ன செலவு? ஆனாலும் போனாள். பதில் இன்னும் வரவில்லை.

நான் நியாயம் பேசிவிட்டேன். அன்று இரவு என் நியாயம் என்னையே கேட்டது. என் கதைகளில் பலர் மெச்சிய ஒன்று உண்டு. அது கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் வலை பின்னிக்கொண்டே ஒரு கிழவர் எனக்குச் சொன்னது. நிகழ்ச்சி அவருடையது, பாதி வாக்கியங்களும் அவருடையவை. மேலே என் பெயர் மட்டும் இருக்கிறது. அடுத்த பதிப்பிலாவது முதல் பக்கத்தில் அவர் பெயரைப் போடலாம் என்று எழுந்து விளக்கைப் போட்டேன்.

அவரைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிட்டேன். பெயரை நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்க, அவரும் இல்லை.