மண் காத்த அமானிதம்

கீழே கிடக்கும் பொருளைக் குனிந்து எடுப்பது எளிது. எடுத்த கையை விரித்து, ‘இஃது யாருடையது?’ என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் அரிது. அக்கேள்வியை உள்ளத்தில் அடக்கிவைக்க மாட்டாமல் நம்மிடம் கொண்டுவந்த ஓர் இளைஞரின் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவர் நம்மிடம் அரபு இலக்கணம் ஓதியவர். இப்போது வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். கோடை விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள நண்பர் வீட்டில் சில நாள் தங்கியிருக்கிறார். நண்பரிடம் மண்ணுக்கடியிலுள்ள உலோகத்தை ஒலியால் காட்டும் கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, அறுவடை முடிந்த வயலொன்றில் இருவரும் பொழுதுபோக்காக நடந்திருக்கின்றனர். ஓரிடத்தில் கருவி ஒலித்தது. ஒரு சாண் ஆழத்தில் இரு வெள்ளிக் காசுகள் அருகருகே கிடந்தன. வயலுக்குரியவரிடம் முன்னும் கேட்கவில்லை, பின்னும் சொல்லவில்லை. காசுகள் அவர் பணப்பையிலேயே கடல் கடந்துவிட்டன.

உத்திரமேரூரில் நடந்த ஒரு திருமணத்திற்கு நாம் இருவரும் சென்று திரும்பும்போது, வழியிலிருந்து சற்று விலகி ஐயங்கார்குளத்தில் வண்டியை நிறுத்தினார். தாத்தாச்சாரியார் வெட்டுவித்த அந்தப் பெரிய ஏரியின் கரையில் அமர்ந்தோம். கைக்குட்டையை அவிழ்த்துக் காசுகளை நம் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்த வெள்ளியில் உரோமானிய அரசர் ஒருவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

“ஹஜ்ரத், இது எனக்கு ஹலாலா? ஐந்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் போதுமல்லவா?” என்று கேட்டார்.

மாணவர் பாடத்தை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பாதிப் பாடத்தைத்தான் நினைவில் வைத்திருந்தார். ‘ரிகாஸ்’ எனப்படும் புதையலில் ஐந்தில் ஒன்று கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது உண்மை. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த எல்லாமே ரிகாஸ் ஆகிவிடுவதில்லை. மார்க்கச் சட்ட அறிஞர்கள் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்டனர். பொருளின் மீதுள்ள முத்திரை எக்காலத்தது என்பது ஒன்று. அது கிடைத்த நிலம் யாருடையது என்பது மற்றொன்று. இஸ்லாமியர் காலத்து முத்திரை இருப்பின், அது தவறவிட்ட பொருளாகிய ‘லுகதா’வின் சட்டத்தில் சேரும், ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். அதற்கு முற்பட்ட காலத்ததாயின், அது தரிசிலே கிடைத்ததா, பிறர் உடைமையிலே கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் நுணுக்கங்களில் வேறுபடினும், நிலத்தைப் பற்றிய வினாவை இரண்டுமே விடவில்லை.

“தம்பி, பிறர் வயலில் அவர் அறியாமல் எடுத்த பொருளுக்கு ஐந்தில் ஒன்றைக் கணக்கிடுவதற்கு முன், மீதி நான்கு உம்முடையதுதானா என்று கேளும்” என்றோம். அவர் மௌனமாயினார்.

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு வரலாற்றை அவருக்கு நினைவூட்டினோம். ஒருவர் மற்றவரிடம் நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த குடம் கிடைத்தது. வாங்கியவர், தாம் விலைக்கு வாங்கியது நிலத்தையே அன்றிப் பொன்னையன்று எனச் சொல்லிக் குடத்தை விற்றவரிடம் கொண்டுசென்றார். விற்றவரோ, நிலத்தோடு அதிலுள்ளதையும் சேர்த்தே விற்றுவிட்டதாகச் சொல்லி வாங்க மறுத்தார். வழக்கு நடுவரிடம் சென்றது. அவர் ஒருவருடைய மகனுக்கும் மற்றவருடைய மகளுக்கும் மணமுடித்து, அப்பொன்னை அவர்களுக்குச் செலவிட்டுத் தருமமும் செய்யுமாறு தீர்ப்பளித்தார். உலகத்து வழக்குகளிலெல்லாம் ‘எனக்கு’ என்று இருவர் போராடுவர். இங்கே ‘எனக்கன்று’ என்று இருவர் போராடினர். புதையலைப் பற்றிய ஒழுக்கத்தின் தொடக்கம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

நாட்டுச் சட்டங்களும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. உரியவர் இல்லையென முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்குரியவருக்கும் ஆகும். விலை கொடுத்து அதனை எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. மறைத்தவருக்குப் பங்கும் இல்லை, தண்டனையும் உண்டு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு வெள்ளிக் காசுகள் ஓரிடத்தில் கிடைத்தாலே அது புதையல். 14 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். விசா பெற்று ஒரு நாட்டில் நுழைவது, அந்நாட்டுச் சட்டத்தை மதிப்போம் என்று கொடுக்கும் வாக்கன்றோ! வாக்குறுதிகளை நிறைவேற்றுமாறு திருமறை இடும் கட்டளை, விமான நிலையத்தைக் கடந்ததும் நின்றுவிடுவதில்லை.

இவ்வளவும் கேட்ட பின், நம் மாணவர் ஒரு நியாயத்தை எடுத்துரைத்தார். “ஹஜ்ரத், நான் எடுக்காவிட்டால் அடுத்த உழவில் ஏர் அதை நசுக்கியிருக்கும். மண்ணுக்குள் யாருக்கும் பயனின்றிக் கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேனே, அது குற்றமா?”

இஃது எளிதில் தள்ளிவிடத்தக்க வாதமன்று. கண்டெடுப்பவர் இல்லையேல் பல செய்திகள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருப்பதே அதற்குச் சான்று. ஆனால் வெளிச்சத்துக்கு வந்தது எது? காசா, காசு சொல்ல வந்த செய்தியா?

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஒரு ஹதீஸுக்கு ‘மத்ன்’ எனும் வாசகமும், ‘இஸ்னாத்’ எனும் அறிவிப்பாளர் தொடரும் உண்டு. வாசகம் எவ்வளவு அழகாயிருப்பினும், யார் யாரிடம் கேட்டார் என்ற தொடர் அறுந்துவிட்டால், அறிஞர்கள் அதை ஆதாரமாகக் கொள்ளத் தயங்குவர். காசின் முகமும் எழுத்தும் அதன் வாசகம். அது கிடந்த வயல், ஆழம், அருகிலிருந்த பானையோடு, சாம்பல், உடன்கிடந்த மற்றொரு காசு ஆகியனவே அதன் தொடர். பிடுங்கி எடுத்துப் பையில் போட்ட கணத்தில் வாசகம் தப்பியது, தொடர் அறுந்தது.

கரூர் அமராவதி ஆற்று மணலில் ‘மாக்கோதை’, ‘கொல்லிரும்பொறை’ என்ற பெயர்கள் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. சங்க இலக்கியத்தில் வாழ்ந்த மன்னர் மரபுக்கு அவை உலோகச் சாட்சியாயின. ஆனால் மண்ணடுக்கில் கிடைக்காமல் மணலில் அரித்தெடுக்கப்பட்டுப் பல கை மாறியமையால், அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். சாட்சி வந்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல அதற்கு வாயில்லை.

இங்கிலாந்திலேயே நிகழ்ந்த இரு செய்திகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. 1992 நவம்பரில் ஸஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் எனும் ஊரில், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர அவருடைய நண்பர் இக்கருவியோடு சென்றார். பொன்னும் வெள்ளியும் தென்பட்டன. அவர் முழுவதையும் தோண்டாமல் நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார். மறுநாள் தொல்லியலார் வந்து எடுத்தனர். ஏறத்தாழ 15,000 உரோமானியக் காசுகளோடு, மட்கிப்போன பெட்டியின் அடையாளமும் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த முறையும் நமக்குக் கிடைத்தன. பரிசாக வந்த 17.5 இலட்சம் பவுண்டை அவர் உழவரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

மற்றது 2015இல் ஹெர்ஃபோர்டுஷயரில் நடந்தது. ஏறத்தாழ 300 காசுகள் கொண்டதாகக் கருதப்படும் புதையலைக் கண்ட இருவர் அதை மறைத்து விற்றனர். 2019இல் சிறை சென்றனர். மீண்டவை ஒரு பகுதிக் காசுகளே. ஆல்ஃபிரெட் மன்னரையும் அண்டை நாட்டு மன்னரையும் ஒருசேரக் காட்டும் காசுகள் அவற்றில் இருந்தன. சிதறியவற்றோடு எத்தனை செய்திகள் சிதறினவோ!

நம் பக்கத்து உத்திரமேரூரிலும் 2020 டிசம்பரில், குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது படிக்கற்களுக்கு அடியில் 565 கிராம் பொன் கிடைத்தது. அது கோயிலுக்கே உரியது என்று ஊர்மக்கள் வாதிட்டனர். அதிகாரிகள் பேசிப் பெற்று அரசுக் கருவூலத்தில் சேர்த்தனர். முன்னோர் நம்பிக்கையோடு வைத்ததை அவ்விடத்திலேயே வைக்க விரும்பிய மக்களின் உணர்வை நாம் இழிவாக எண்ணவில்லை. அந்த வாதத்தில் ஒருவரும் ‘எனக்கு’ என்று சொல்லவில்லை என்பதை எண்ணி மகிழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவனும் பிறர் பொருளைக் கவர்ந்தவனும் சபையில் அமரலாகாது என்று பொறித்துவைத்த ஊரல்லவா அது!

திருமறையின் ‘கஹ்ஃபு’ அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும், ஹிள்று (அலை) என்று அறியப்படும் அடியாரும் ஓர் ஊரை அடைகின்றனர். விருந்தளிக்க மறுத்த அவ்வூரில் விழவிருந்த சுவரொன்றை அவ்வடியார் கூலியின்றி நிமிர்த்துகிறார். அதனடியில் இரு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் வளர்ந்து தாமே எடுக்கும்வரை அது மறைந்திருக்க வேண்டும் என்பது இறைவன் நாட்டம். புதையலை அறிந்த நல்லடியார் தோண்டவில்லை, சுவரைக் கட்டினார். பண்டைய மண்ணின் செய்திக்கு உரியவர்களுள் இன்னும் பிறவாத மக்களும் உளர். அவர்களும் இப்போது தம் பங்கைக் கேட்க இயலாத அநாதைகளே.

எழுந்து நடவாவிக் கிணற்றின் நுழைவாயில் வரை நடந்தோம். மண்ணுக்கடியில் தூண்கள் சூழ்ந்த மண்டபம். படிகளை நீர் மூடியிருந்தது. ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமி விழாவுக்காக நீரை இறைக்கும்போது மண்டபம் வெளிப்படும்; பின்னர் நீர் அதனை மீண்டும் மூடிக்கொள்ளும். மறைந்திருப்பது வெளிப்படுவதற்கு ஒரு நேரமும் முறையும் உண்டென்பதை அவ்வூரார் அறிந்திருக்கின்றனர்.

“அந்த இடம் நினைவிருக்கிறதா?” என்று கேட்டோம்.

“மேற்கு வேலியில் ஒரு முறிந்த கருவாலி மரம், அதிலிருந்து நாற்பது அடி இருக்கும், ஹஜ்ரத்” என்றார்.

“நல்லது. வீட்டுக்குப் போனதும் அதை முதலில் எழுதும். நாள், மரம், தூரம், ஆழம், காசுகள் இருந்த நிலை, அனுமதியின்றி எடுத்ததும் நாள் கடந்துவிட்டதும், எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, வயலுக்குரியவருக்கும் அந்நாட்டு அதிகாரிகளுக்கும் அனுப்பும். காசுகளை எப்படித் திருப்ப வேண்டும் என்று அவர்களையே கேளும்.”

“தண்டனை வந்தால்?”

வராது என்று உறுதிகூற நமக்கு அதிகாரமில்லை, அப்படியே சொன்னோம். மறைத்தவரையும் தாமே முன்வந்தவரையும் உலகத்து நீதிபதிகளே ஒன்றாக நோக்குவதில்லை எனில், உள்ளங்களை அறிந்தவன் எங்ஙனம் ஒன்றாக நோக்குவான்?

அவர் காசுகளை மீண்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். சட்டைப்பையில் வைக்காமல், காஞ்சிபுரம் வரும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறருடைய பொருளை அப்படித்தானே எடுத்துச்செல்வோம்.