பிராணனும் புகையும்

சிவமயம்

சைவாசிரிய அன்பர்காள்!

உயிர்கள் மலநீக்கம் பெற்று உய்யும்பொருட்டு இறைவன் தநு கரண புவன போகங்களைத் தந்தருளினான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. அவற்றுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது தநுவாகிய உடம்பு. உடம்பை முன்னர் இழிவென்று எண்ணியிருந்த திருமூலநாயனார், அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை கண்டபின் அதனைப் பேணலாயினர். அவர் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்கயோகம் கூறுமிடத்து, இயமம், நியமம், ஆசனம் என்பவற்றின்பின் நான்காவதாகப் பிராணாயாமத்தை வைத்தார். ஆதலின், மூச்சு நமக்கு வெறுங் காற்றன்று. செபத்துக்கும் தியானத்துக்கும் திருமுறை ஓதுதற்கும் கருவியாய் அமைந்த திருவருட்கொடை என்க.

இக்கொடையை இளமையிலேயே புகைக்கு இரையாக்குவோர் நம் மாணாக்கருள்ளும் உளர். அவர்களுக்கு நாம் பெரும்பாலும் யாது சொல்கின்றோம்? புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும், ஆயுள் குறையும் என்கின்றோம். இவை முற்றும் உண்மையே. ஆயினும், பதினேழு வயதினன் ஐம்பது வயதில் வரும் நோய்க்கு அஞ்சான். முதுமை அவனுக்கு அயலூர்ச் செய்தி போன்றது. ஆகவே, அவன் இன்றே இழப்பது யாதென்பதை அவனுக்குக் காட்டுதல் வேண்டும். அஃது அவன் மூச்சேயாம்.

அஃது எங்ஙனமெனிற் கூறுதும். நாம் உள்வாங்கும் பிராணவாயு, சுவாசப்பைகளிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணறைகளின் வழியே இரத்தத்தை அடைகின்றது. ஆங்கே ஈமோகுளோபின் என்னும் பொருள் அதனை ஏந்தி உடம்பெங்குங் கொண்டுசெல்கின்றது. புகையிலை எரியும்போது தோன்றும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவோ, பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அவ்வீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சுவாமி எழுந்தருளவேண்டிய பல்லக்கிலே கள்வன் ஏறியமர்ந்தாற் போலும் இது. வாளாவிருக்கும்போது இக்குறை தோன்றாது; ஓடும்போதும் பந்தாடும்போதும் தசைகள் பிராணவாயுவை மிகுதியாய் வேண்டுதலின் அப்போதே வெளிப்படும். இஃதன்றியும், நிக்கொட்டின் இருதயத்தை வேண்டாத விரைவோடு துடிக்கச்செய்யும். புகை மூச்சுக்குழாய்களைச் சுருக்கிச் சளியைப் பெருக்கும். தூசியையுஞ் சளியையும் மேலே தள்ளித் துப்புரவு செய்யும் நுண்ணிய பிசிர்களைச் செயலறச்செய்யும். காலையில் எழுந்தவுடன் வரும் இருமல் இதற்கு அறிகுறி.

இவை ஆராய்ந்து கண்ட உண்மைகள். ஐக்கிய அமெரிக்காவின் விமானப்படையிலே கெனெத் கூப்பர் என்னும் வைத்தியரும் அவர்தந் துணைவரும் இளவீரரைப் பன்னிரண்டு நிமிடம் ஓடச்செய்து, அவர் ஓடிய தூரத்தை அளந்து, 1968ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். புகைத்தோர் புகையாதோரினுங் குறைந்த தூரமே ஓடினர். நாடோறும் புகைக்குந் தொகை கூடக்கூட ஓடிய தூரங் குறைந்தது. அவர்கள் கிழவரல்லர், கட்டிளங்காளையர் என்பதை நோக்குக. இனி, அந்நாட்டின் ஆறு நகரங்களில் 10,000க்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பல்லாண்டு அளந்து ஆராய்ந்தோர், நாளொன்றுக்கு ஐந்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தவரின் சுவாசப்பைகள் ஏனையோருடையனபோல விரைந்து வளரவில்லையென 1996ஆம் ஆண்டிற் கூறினர். பெண்பிள்ளைகளிடத்தே அக்குறை மிகுதியாய்க் காணப்பட்டது. சுவாசப்பையின் வலிமை இருபது வயதையடுத்து உச்சமடைந்து, பின்னர்ச் சிறிதுசிறிதாகக் குறைவது இயற்கை. வளருங் காலத்தில் வளராதவன், வாழ்நாள் முழுதும் குறைந்த முதலோடு வாணிகஞ் செய்பவன் ஆவான்.

ஈண்டுச் சிலர், "நம் நூல்களிற் புகையிலை விலக்கப்படவில்லையே" என்பர். புகையிலை அமெரிக்கக் கண்டத்துக்குரிய செடி. கொலம்பசு 1492ஆம் ஆண்டில் அக்கரை சென்றபின்னரே அஃது ஏனைத் தேயங்களுக்குப் பரவிற்று. முன்னோர் கண்டறியாத பொருளை அவர் பெயர்கூறி விலக்காமை அதற்கு உடன்பாடாகுமா? ஆகாது. மற்றுஞ் சிலர், "யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குச் சோறிட்ட பயிரன்றோ அது?" என்பர். மெய்யே. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்று விலையானதும், அவ்வருவாயாற் குடும்பங்கள் தழைத்ததும் நாம் மறக்கற்பாலனவல்ல. அக்கமக்காரரை இகழ்தல் நமது கருத்துமன்று. ஆயினும், சுருட்டு நம் தோட்டத்துப் புகையிலையாற் சுற்றப்பட்டதாயினும், சிகரெட்டு ஆலையிற் செய்யப்பட்டதாயினும், அவற்றின் புகைக்கு ஊரும் உறவும் இல்லை; நஞ்சு ஒன்றே.

இலங்கையிலே 2006ஆம் ஆண்டின் சட்டம் 21 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றலைத் தடுத்துள்ளது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். விருப்பத்தைத் தடுப்பது கல்வியே. அக்கல்வியோ நூலினும் ஆசிரியரிடத்தே மிகுதியாய்க் கற்கப்படுகின்றது. நெற்றியில் விபூதி விளங்க வகுப்பிற் சுகாதாரபாடம் ஓதிய ஆசிரியர், இடைவேளை மணி அடித்ததும் வேலிப்புறத்தே சென்று புகைவிடுவாராயின், மாணாக்கர் கற்றது எந்தப் பாடம்? அன்பர்காள், இக்கேள்வியைப் பிறரை நோக்கிக் கேட்குமுன் நம்மை நோக்கிக் கேட்போமாக.

புகைத்த மாணாக்கனைக் கண்டால் பலர்முன் அவமதித்தல் வேண்டா. நிக்கொட்டின் மூளையைப் பிணிப்பது. இளமையிற் பிணித்தது எளிதில் விடாது. அவனைத் தனியே அழைத்து, "தம்பி, மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓடிவா, பின்பு ஒரு தேவாரம் பாடு" என்று சொல்லுக. அடி முடியுமுன் மூச்சு முறியின், அவனுக்கு வேறு பிரசங்கம் வேண்டா. தன் குறையைத் தானே அறிவான். அப்போது அவனுக்கு நம்பிக்கையுங் கூறுக. புகைத்தலை விட்ட ஓரிரு நாளிலே நச்சுவாயு இரத்தத்தினின்றும் நீங்கும். சில மாதங்களுள் இருமல் தணியும். ஓட்டத்தில் இளைப்புக் குறையும். முதல் வாரங்களிற் சினமும் அமைதியின்மையுந் தோன்றும், அவை கழிந்துபோம். தவறி மீண்டும் புகைத்தானாயின், மீண்டும் விடுமாறு தூண்டுக. இளமையில் விட்டவன் இழப்பதிற் பெரும்பகுதியைத் தப்புவித்துக்கொள்வான்.

நம்முள் இப்பழக்கமுடையார் யாரேனும் உளராயின், அம்மாணாக்கனோடு ஒருங்கே இன்றே விடுவாராக. "நானும் உன்னோடு விடுகின்றேன்" என்னும் ஆசிரியர் வாக்கினும் வலிய உபதேசம் பிறிதில்லை. ஐந்தெழுத்தை ஓதுதற்கு இறைவன் தந்த மூச்சு தூயதாய் நம் பிள்ளைகளிடத்தே நிலைபெறுவதாக.

சிவசிவ.