மூச்சு வாங்காத பாதை

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் மலையேறுகிறவர்களுக்குத்தான் மரியாதை. கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்த ஆல்ஃபிரட் வெயின்ரைட், 1955 முதல் 1966 வரை அந்தப் பகுதிக்கு ஏழு வழிகாட்டி நூல்கள் எழுதினார். அவற்றில் வரும் 214 குன்றுகளையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் விரதமாகவே கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் தார்ன் ஹவ்ஸ் ஏரியைச் சுற்றி வந்தேன் என்றால், நல்லது என்று புன்னகைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஹாக்ஸ்ஹெட்டுக்கும் கோனிஸ்டனுக்கும் நடுவே மேட்டுநிலத்தில் கிடக்கும் சின்ன ஏரி அது. காட்டுக்குள் நுழைவதும் கரைக்கு வருவதுமாக, ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது பாதை. படி இல்லை, ஏறித் தாண்ட வேண்டிய வேலியும் இல்லை. சரளை கொட்டி இறுக்கிய தரை. சக்கர நாற்காலியும் குழந்தைகளின் தள்ளுவண்டியும் அதில் போகின்றன. முழங்கால் தேய்ந்த என் அம்மாவும் ஓர் அக்டோபரில் அதில் நடந்தாள்.

சிரமப்படாமல் கிடைத்த ஒன்றுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் வீடுகளில் இதற்குப் பதில் எப்போதோ முடிவாகிவிட்டது. கஷ்டப்பட்டுப் படித்தால்தான் படிப்பு. படியேறிக் கும்பிட்டால்தான் சாமி. சுலபமாக வந்ததைச் சந்தேகத்தோடு பார்க்கவே பழகியிருக்கிறோம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லை என்றே இப்போது நினைக்கிறேன்.

செங்குத்தான ஏற்றத்தில் என் கண் அடுத்த கல்லைத்தான் பார்க்கும். பேச்சும் இன்னும் எவ்வளவு தூரம் என்பதோடு நின்றுவிடும். தார்ன் ஹவ்ஸில் கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது, மற்றதெல்லாம் விடுபட்டது. ஊசியிலை மரமாக இருந்தும் லார்ச் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகிக் கொட்டும். ஸ்ப்ரூஸின் கரும்பச்சைக்கு நடுவே அது நின்றதை நின்று பார்க்க முடிந்தது. பாதை திரும்பத் திரும்ப, அதே தண்ணீர் ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் வெள்ளியாகவும் இருந்தது.

அம்மா பேசினாள். நேர் எதிரே உட்கார்ந்து ஒருநாளும் சொல்லாததைப் பக்கத்தில் நடந்தபடி சொன்னாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தது, வேலைக்கு உத்தரவு வந்தது, பொம்பளைப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப மாட்டேன் என்று தாத்தா மறுத்தது. குரலில் கோபம் இல்லை. எந்த எழுத்தில் விரல் தடுக்கும் என்பதுகூட அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. மூச்சு வாங்கியிருந்தால் இதெல்லாம் வெளியே வந்திருக்குமா? உச்சி என்று ஒன்று கண்ணில் தெரிந்திருந்தால், அதை அடைந்ததும் பேச்சு அறுந்திருக்கும். வட்டப் பாதையில் வந்துவிட்டோம் என்று சொல்ல ஓரிடம் இல்லாதது பெரிய உபகாரம்.

நடுவில் நின்று, "இவ்வளவு பாந்தமா யாருடா இதெல்லாம் பண்ணி வெச்சது?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. பார்க்க ஆதிகாலத்து ஏரி மாதிரி இருந்தாலும், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே இருந்தவை சதுப்பு சூழ்ந்த மூன்று குட்டைகள். லீட்ஸில் ஆளி நார் நூற்றுச் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கார்த் மார்ஷல், அணை கட்டி மூன்றையும் ஒன்றாக்கினார். சுற்றிலும் மரம் வைத்தார். 1873-இல் இறந்துபோனார். நாங்கள் அண்ணாந்து பார்த்த மரங்களை அவர் கன்றுகளாகத்தான் கண்டிருப்பார். 1930-இல் ஏரியும் அடங்கிய எஸ்டேட்டை, குழந்தைகளுக்காகப் பீட்டர் என்ற முயலைப் படைத்த பீட்ரிக்ஸ் பாட்டர் வாங்கினார். ஏரி இருந்த பாதியை நேஷனல் டிரஸ்ட்டுக்கு விற்றார். அதனால்தான் அது எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

செயற்கை ஏரி என்று தெரிந்ததும் ஏமாந்ததுபோல் சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது. பணக்காரர் ஒருவர் தன் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமென்று செய்தது என்பதையும் மறக்கவில்லை. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சிரமமே இல்லாத பாதை என்று எதுவும் இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. நடப்பவர் படாத பாட்டை வேறு யாரோ முன்கூட்டியே பட்டிருக்கிறார். இப்போதும் படுகிறார்கள். மழை சரளையை அரித்துக்கொண்டே இருக்கிறது, வேர் தரையைத் தூக்குகிறது, லார்ச்சைக் கொல்லும் நோய் வந்து அந்த வட்டாரத்தில் மரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது. யாராவது மண்வெட்டியோடு வந்து சீர்செய்தால்தான் அடுத்த சக்கர நாற்காலி உருளும். என்னளவில், குன்று ஏறியவரின் வியர்வையைவிட இது ஒருபடி மேல். அவர் தனக்காகச் சிந்தினார்.

லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்று வேலி தாண்டத் தேவையில்லாத பாதைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். தார்ன் ஹவ்ஸ் அதில் ஒன்றுதான். அம்மா அடுத்து வரும்போது இன்னொன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த வேலை உத்தரவு அப்புறம் என்ன ஆயிற்று என்பதை அவள் இன்னும் சொல்லவில்லை.