விரைவும் காவலும்

பயணத்திற்கென்று வாங்கப்படும் சிறிய மடிக்கணினி எடை குறைந்தது. அதன் ஆற்றலும் அளவானதே. எளிய செயலியும் குறைந்த நினைவகமும் கொண்ட அக்கருவியில் ஒவ்வொரு காவல் ஏற்பாடும் தனக்குரிய விலையைக் கேட்கிறது. நச்சுநிரல் தடுப்பான் கோப்புகளைச் சோதிக்கும்பொழுது பிற பணிகள் காத்து நிற்கின்றன. புதுப்பிப்புகள் இறங்கும் வேளையில் மின்கலம் கரைகிறது. ஆகவே பலர் இவற்றுள் சிலவற்றை நிறுத்திவிடுகின்றனர். “கருவி என்னுடையது, வசதியும் என்னுடையது, இதில் அறம் எங்கே வந்தது?” என்று கேட்போரும் உண்டு.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு களவு இக்கேள்விக்கு விடை தருகிறது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் அலுவலர் ஒருவர் பணிக்காகத் தம் வீட்டில் வைத்திருந்த மடிக்கணினியும் வன்தட்டும் அவ்வாண்டு மே மாதத்தில் திருடப்பட்டன. ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் முதலியவை அவற்றில் எவரும் படிக்கும் நிலையில் இருந்தன. அடுத்த மாதமே கருவிகள் மீட்கப்பட்டன. தகவல்கள் திறந்து பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று புலனாய்வுத் துறை அறிவித்தது. எனினும் வழக்குகள் எழுந்தன. 2009இல் 2 கோடி டாலர் வழங்க அரசு உடன்பட்டது. வசதி ஒருவருடையது, அச்சமோ கோடிக்கணக்கானோருடையது.

மருத்துவரின் கணினியில் நோயாளிகளின் துயரம் இருக்கிறது. கணக்கரின் கணினியில் பிறர் வருமானம் இருக்கிறது. ஆசிரியரின் கணினியில் மாணவரின் மதிப்பெண்கள் இருக்கின்றன. கருவி நமது உடைமை. உள்ளிருப்பதோ அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளைக் காப்பது விருப்பமன்று, கடமை. பிறருக்கு வரக்கூடிய தீங்கை விலையாக வைத்து நமக்கு வேகம் வாங்க நமக்கு உரிமை ஏது?

வேகத்திற்கே ஒரு மறைவிலை உண்டு என்பதை 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டௌன், ஸ்பெக்டர் என்னும் குறைபாடுகள் உணர்த்தின. அடுத்து வரக்கூடிய வேலையை முன்னரே ஊகித்துச் செய்துவைப்பதால் செயலிகள் விரைவு பெற்றன. ஊகம் தவறினால் அவ்வேலை தள்ளப்படும். ஆனால் அதன் தடயம் எஞ்சும். அத்தடயத்தின் வழியே இரகசியங்களைக் கவர முடியும் என்பது அப்போது வெளிப்பட்டது. அதனை அடைத்த திருத்தங்கள் பழைய கணினிகளை மேலும் மெதுவாக்கின. பல்லாண்டுகள் நாம் வியந்த விரைவின் ஒரு பகுதி, காவலைத் தளர்த்திப் பெற்றதே என்பது அன்று விளங்கிற்று.

அப்படியானால் எல்லாக் காவலையும் குவித்துவிடுவதுதான் நற்செயலா? அன்று. வேலை செய்யவே இயலாத கருவி, தன் நோக்கத்தை இழந்த கருவி. தாங்க இயலாத கட்டுப்பாட்டை மனிதர் மீறவே வழி தேடுவர். நீண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினியின்மேல் ஒட்டிவைப்பவரை நாம் அறிவோம். இங்கே வேண்டுவது விவேகம். அஞ்சுவதற்குரியதை அஞ்சி, அல்லாததை விடும் தெளிவு அது.

பயணக் கணினிக்கு உண்மையான ஆபத்து எது? தொலைந்துபோவதும் களவுபோவதுமே. அதற்கு ஏற்ற காவல், சாவியின்றிப் படிக்க இயலாதபடி வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்வது. இதற்கான கணக்கை விரைந்து செய்யும் தனிக் கட்டளைகள் 2010 முதல் செயலிகளில் இடம்பெறத் தொடங்கி, இன்று பரவலாகிவிட்டன. எனவே பலர் அஞ்சும் வேகக் குறைவு பெரும்பாலும் உணரப்படாத அளவினதே. பயணத்தின்போது கணினியை உறங்கவிடாமல் முற்றிலும் அணைப்பதும் நன்று. உறங்கும் கணினியின் நினைவகத்திலிருந்து சாவியை எடுக்க முடியும் என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். இதனால் நாம் இழப்பது மீண்டும் இயக்குவதற்கான சில நொடிகளே. இரண்டு நச்சுநிரல் தடுப்பான்களை ஒருங்கே இயக்குவதோ காவலைக் கூட்டாது, சுமையையே கூட்டும்.

இவையனைத்திலும் எளிய வழி ஒன்றுண்டு: தேவையற்றதை உடன் கொண்டு செல்லாதிருத்தல். இல்லாத தகவலை எவரும் திருட இயலாது; அதைக் காக்கக் கணினியும் உழைக்க வேண்டுவதில்லை. விரைவும் காவலும் ஒன்றோடொன்று மோதாத இடம் இதுவே. அடுத்த பயணத்திற்குப் பெட்டியைக் கட்டும்பொழுது, கணினியினுள் இருப்பவற்றில் எவை இப்பயணத்திற்கு வேண்டும், எவை பிறருக்கு உரியவை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.